தன்னைத் திட்டிக்கொள்ளாதே என்பவர்களுக்கு

தொழில்முனைவோர் கூட்டம் எந்த ஊரில் நடந்தாலும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பேச்சாளர் மேடையேறிவிடுகிறார். "உங்களுடைய முதல் எதிரி வெளியே இல்லை, உங்களுக்குள்ளேயே இருக்கிறான்" என்று தொடங்குகிறார். என்னால் முடியாது என்று உள்ளே முனகும் குரலை ஒழித்துக்கட்ட வேண்டுமாம். தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று, நான் ஜெயிக்கப் பிறந்தவன் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமாம். கைதட்டல். சமீப காலமாக இந்தப் பேச்சில் ஒரு புதுப் பகுதியும் சேர்ந்திருக்கிறது. ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறு) இருக்கிற தொழில்முனைவோருக்கென்றே தைத்தது அது. உங்களுக்கு இருப்பது குறைபாடே இல்லை, சூப்பர் பவர். அது வெளிப்படாமல் தடுப்பது உங்களை நீங்களே திட்டிக்கொள்ளும் பழக்கம்தான். அதை விட்டால் தொழில் தானாகப் பறக்கும் என்கிறார்கள்.

நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இந்த அறிவுரை, கேட்பவருக்குக் கெடுதல் செய்கிறது என்பது என் கட்சி. ஏடிஎச்டி உள்ளவர் தன்னைத் திட்டிக்கொள்ளத் தொடங்கும்போது காரியம் ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கிறது. அதைக் கெடுத்த குரல் பத்து நாள் முன்பே வந்து, தேனொழுகப் பேசிவிட்டுப் போய்விட்டது. கண்ணாடி முன்னால் நின்று நாம் வளர்த்துவிடுவது அந்தக் குரலைத்தான்.

திருப்பூரில் பிரிண்டிங் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கற்பனை ஆள்தான், ஆனால் அந்த ஊரில் தொழில் செய்கிற யாருக்கும் இவர் அந்நியர் இல்லை. கலர் மேட்ச் செய்வதில் கெட்டிக்காரர். மற்ற யூனிட்காரர்கள் முடியாது என்று திருப்பி அனுப்பிய டிசைனை வாங்கி, ராத்திரி முழுக்க உட்கார்ந்து முடித்துக் கொடுப்பார். சரக்கு போய்விட்டது. பில் போட வேண்டும். "அஞ்சு நிமிஷ வேலைதானே, சாயங்காலம் போட்டுக்கலாம்" என்கிறது உள்ளே ஒரு குரல். சாயங்காலம் புது சாம்பிள் வந்துவிடுகிறது. அதில் இருக்கும் ருசி பில்லில் இல்லை. "நாளைக்குக் காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு எல்லா பில்லையும் ஒரே மூச்சுல போட்டுடலாம்." நினைக்கும்போதே ஒரு நிம்மதி. பாதி வேலை முடிந்த மாதிரி இருக்கிறது. நாலு மணிக்கு எழுந்திருக்கவில்லை. "பரவால்ல, நமக்கு பிரஷர் வந்தாத்தான் கை ஓடும்." ஒருவழியாகப் பில்லைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அக்கவுண்ட்ஸில் இருப்பவர், "இந்த மாசத்துக்கு முடிச்சாச்சுங்க, அடுத்த மாசம் பார்க்கலாம்" என்கிறார். சனிக்கிழமை ஆட்களுக்குச் சம்பளம். கையில் காசில்லை. வட்டிக்கு வாங்குகிறார்.

அன்று ராத்திரிதான் நமது பேச்சாளர் சொல்லும் குரல் வாய் திறக்கிறது. "நீயெல்லாம் எதுக்குடா தொழில் பண்ண வந்த? ஒரு பில்லு போட வக்கில்ல."

வரிசையைக் கவனியுங்கள். அந்தப் பத்து நாளும் அவர் தன்னைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை நினைக்கவில்லை. மேடைப் பேச்சாளர் கேட்டால் பூரித்துப்போகும் அளவுக்கு முழு நம்பிக்கையோடு இருந்தார். சாயங்காலத்தின் மேல் நம்பிக்கை, விடியற்காலையின் மேல் நம்பிக்கை, நெருக்கடியில் பீறிடப்போகும் தன் திறமையின் மேல் நம்பிக்கை. திட்டு கடைசியில்தான் வந்தது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. ஏடிஎச்டி உள்ள பெரியவர்களுக்குச் சிகிச்சை அளிப்பதில் அனுபவமுள்ள லாரா நவுஸ், ஜான் மிட்செல் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2015இல் எழுதிய கட்டுரையின் மையமே இதுதான். மனச்சோர்வு உள்ளவரிடம் தேடுவதைப் போல இவர்களிடமும் எதிர்மறை எண்ணங்களை மட்டுமே தேடினால் முக்கியமான ஒன்று தப்பிவிடும் என்கிறார்கள் அவர்கள். இவர்களை வேலையிலிருந்து நழுவவைப்பது பெரும்பாலும் நேர்மறைச் சாயல் கொண்ட எண்ணங்கள். இதை மட்டும் பார்த்துவிட்டு அதற்கு வருகிறேன், கடைசி நேரத்தில்தான் எனக்கு வேலை ஓடும் என்கிற ரகம். அந்த நேரத்துக்கு மனம் லேசாகிறது, வேலை தள்ளிப்போகிறது, லேசானதே பரிசாகி அடுத்த முறையும் அதையே செய்யச் சொல்கிறது. இந்த எண்ணங்களை அளக்க ஒரு வினாப்பட்டியலையே பின்னாளில் உருவாக்கினார்கள்.

ஏன் இப்படி? அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருவது: ஏடிஎச்டி என்பது அறியாமை சார்ந்த கோளாறு இல்லை, அறிந்ததை உரிய நேரத்தில் செய்ய முடியாத கோளாறு. நம் பிரிண்டிங்காரருக்குப் பில் போட வேண்டும் என்று தெரியும். போடாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். ஆனால் பத்து நாள் கழித்து வரப்போகும் நட்டம் இன்றைக்கு அவர் உடம்பில் உறைப்பதில்லை. எதிரே இருக்கும் சாம்பிள் உறைக்கிறது. கவனத்தை இழுப்பது வேலையின் முக்கியத்துவம் அல்ல, அதன் சுவாரஸ்யமும் அவசரமும்தான். "பிடிச்ச வேலைன்னா ராத்திரி முழுக்க உட்கார்றான், பில்லு போடச் சொன்னா மட்டும் வலிக்குது" என்று வீட்டில் சொல்வார்கள். கேலியாகச் சொன்னாலும் நோயை அதைவிடத் துல்லியமாக விவரிக்க முடியாது.

இப்படிப்பட்ட மூளைக்குத் தொழில் வைத்திருக்கும் பொறிகளைப் பாருங்கள். டிடிஎஸ் கட்ட 7ஆம் தேதி. மாதாமாதம் தாக்கல் செய்பவருக்கு ஜிஎஸ்டிஆர்-1 என்றால் 11. பிஎஃப், இஎஸ்ஐ 15. ஜிஎஸ்டிஆர்-3பி 20. ஜிஎஸ்டி படிவம் தவறினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். வியாபாரமே நடக்காத மாதத்துக்குக் கூட நாளுக்கு 20 ரூபாய். கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி. இந்தத் தேதிகள் எதிலும் சுவாரஸ்யம் கிடையாது. கடைசி நாள் வரைக்கும் அவசரமும் கிடையாது. கடைசி நாளில் போர்ட்டல் திறக்காது. சம்பளத்துக்கு வேலை பார்த்த வரைக்கும் இதையெல்லாம் நிறுவனம் சுமந்தது; சொந்தத் தொழில் என்று வந்த அன்றே எல்லாம் ஒரு தலைமேல் ஏறிவிட்டது. தன்னம்பிக்கை கூடுவதால் 11ஆம் தேதி ஞாபகத்துக்கு வருமா என்ன?

இப்போது கண்ணாடிக்கு வருவோம். தனக்குத்தானே நல்ல வார்த்தை சொல்லிக்கொண்டு குணமாகும் முறையை 1920களில் ஐரோப்பாவெங்கும் பரப்பியவர் எமில் கூவே என்ற பிரெஞ்சு மருந்தாளர். 1952இல் நார்மன் வின்சென்ட் பீல் அமெரிக்காவில் அதற்கு மதச் சாயம் பூசிப் புத்தகமாக்கினார். தமிழில் எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' ஒரு தலைமுறை இளைஞர்களுக்குத் துணிச்சல் கொடுத்தது. அந்த நன்றி எனக்கும் உண்டு. தெம்பே இல்லாதவனுக்குத் தெம்பு தருவது வேறு விஷயம். ஆனால் மனதில் ஏற்கெனவே காயம்பட்டவருக்கு இந்த மந்திரம் என்ன செய்கிறது? கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் ஜோஆன் வுட்டும் அவருடைய சகாக்களும் இதைச் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். தன்னைப் பற்றிய மதிப்பு குறைவாக உள்ளவர்களிடம், நான் நேசிக்கத்தக்கவன் என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். சொன்னவர்களின் மனநிலை, சொல்லாதவர்களுடையதை விட மோசமானது. தெம்பாக இருந்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் பலன் இருந்தது. யாருக்குத் தேவையோ அவருக்கு உதவாத மருந்து இது.

காரணம் புரியாததில்லை. மூன்று தடவை தாமதக் கட்டணம் கட்டியவர் கண்ணாடி முன்னால் நின்று நான் ஜெயிக்கப் பிறந்தவன் என்றால், உள்ளேயிருந்து ரசீதுகள் எழுந்து வந்து எதிர்சாட்சி சொல்கின்றன. திட்டும் குரலுக்கு ஆதாரம் இருக்கிறது. பேச்சாளர்களுக்குப் புரியாத இடம் இதுதான். அவர்கள் அந்தக் குரலை வெறும் பொய் என்று நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. "பில் போடவில்லை" என்பது நடந்த சங்கதி. "நீ தண்டம்" என்பது அதன்மேல் ஏற்றிய தீர்ப்பு. தீர்ப்பைத் தள்ளுபடி செய்ய வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் சங்கதியையும் சேர்த்துத் தள்ளிவிட்டால் அடுத்த மாதமும் பில் போட மாட்டார். கூரை ஒழுகும் வீட்டுக்காரரிடம், ஒழுகுது ஒழுகுது என்று புலம்பாதே, மனசு சோர்ந்துபோகும் என்று சொல்லிவிட்டு வருவதில் என்ன வைத்தியம் இருக்கிறது?

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. தன்னைத் திட்டிக்கொள்வது வலிக்கிறது. வலியால் மனிதர் பில் புத்தகத்தைத் திறக்கவே அஞ்சுகிறார். ஆடிட்டர் கூப்பிட்டால் போனை எடுக்காமல் விடுகிறார். அஞ்சிய நாட்களில் கட்டணம் ஏறுகிறது, ஏறியதற்கு இன்னொரு திட்டு. சுழல் உண்மை. ஏடிஎச்டி உள்ள பெரியவர்களிடம் மனச்சோர்வு அதிகம் காணப்படுவதும் உண்மை. வாழவே வேண்டாம் என்கிற அளவுக்கு அந்தத் திட்டு போனால் இந்தக் கட்டுரையைக் கீழே வைத்துவிட்டு உடனே 14416க்கு அழைக்க வேண்டும். அரசின் டெலி மானஸ் எண் அது. என் வாதம் சுழலை எங்கே அறுப்பது என்பதைப் பற்றியது. திட்டு நிற்கும் இடத்தில் அறுக்கப் பார்த்தால் அறுபடாது. பில் போடும் இடத்தில் அறுத்தால் திட்டுக்குத் தீனி குறைகிறது.

சான்று இருக்கிறதா என்றால், இருக்கிறது. உளவியலாளர் மேரி சொலாண்டோ 2010இல் வெளியிட்ட ஆய்வில் ஏடிஎச்டி உள்ள 88 பெரியவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு நேரத்தை வகுப்பது, வேலையைத் துண்டாக்குவது, திட்டமிடுவது ஆகியவற்றில் குழுப் பயிற்சி. இன்னொரு பகுதியினருக்கு ஆதரவும் ஊக்கமும் தரும் குழு. ஏறத்தாழ நம்மூர் ஊக்கப் பேச்சின் நாகரிகமான வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். நேரத்தை வகுக்கக் கற்றவர்களே நன்றாக முன்னேறினார்கள். அதே ஆண்டில் ஸ்டீவன் சாஃப்ரன் குழுவினர், மருந்து சாப்பிட்டும் சிக்கல் தீராத 86 பேரிடம் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைச் சோதித்தார்கள். உடலைத் தளர்த்தும் பயிற்சி பெற்றவர்களை விட இவர்களுக்குப் பலன் கூடுதல். அந்தச் சிகிச்சையில் பாடங்கள் வரும் வரிசைதான் எனக்கு முக்கியம். முதலில் நாட்காட்டியும் வேலைப் பட்டியலும். அப்புறம் கவனச் சிதறலைக் குறைப்பது. எண்ணங்களைச் சரிசெய்வது அதற்கும் பின்னால். நமது மேடைகளில் முதலும் முடிவுமாக இருப்பது, அங்கே பின்வரிசையில் நிற்கிறது.

சூப்பர் பவர் கதைக்கு வருகிறேன். இதற்கு வழக்கமாக இழுக்கப்படுபவர் டேவிட் நீல்மன். ஜெட்புளூ விமான நிறுவனத்தைத் தொடங்கியவர், பிற்பாடு பிரேசிலில் அசுல் என்ற நிறுவனத்தையும் தொடங்கியவர், தனக்கு ஏடிஎச்டி இருப்பதை வெளிப்படையாகச் சொல்பவர், மருந்தும் வேண்டாம் என்றவர். காகிதமில்லாத விமானச் சீட்டை முன்னெடுத்தவர்களில் ஒருவர். எல்லாம் சரி. எழுத்து வேலையையும் நேர ஒதுக்கீட்டையும் உதவியாளரிடம் விட்டதாக அவரே சொல்லியிருப்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை. 2007 பிப்ரவரியில் ஒரு பனிப்புயலில் ஜெட்புளூ பயணிகள் ஓடுதளத்திலேயே மணிக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். அந்த மே மாதமே அவர் தலைமைச் செயல் அதிகாரி பதவியை இழந்தார். அதற்கு ஏடிஎச்டிதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை, அப்படிச் சொல்ல ஆதாரமும் இல்லை. சூப்பர் பவர் கதை எங்கே கத்தரிக்கப்படுகிறது என்று காட்டுகிறேன், அவ்வளவுதான். கின்கோஸ் நகலகச் சங்கிலியை 1970இல் தொடங்கிய பால் ஒர்ஃபாலியாவும் இப்படித்தான். வாசிப்புக் குறைபாடும் ஏடிஎச்டியும் உள்ளவர். மேசையில் உட்காராமல் கடை கடையாகச் சுற்றினார். மேசை வேலையை மேசைக்காரர்களிடம் விட்டார்.

ஆய்வுகளும் இந்தக் கதைக்கு முழுதாகத் துணைவருவதில்லை. டேனியல் லெர்னர், இங்க்ரிட் வெர்ஹூல், ராய் துரிக் மூவரும் 2019இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், ஏடிஎச்டி கண்டறியப்பட்ட மாணவர்கள் தொழில் தொடங்க விரும்பும் வாய்ப்பும் தொடங்கும் வாய்ப்பும் மற்றவர்களை விட அதிகம் என்று தெரிந்தது. தொடங்குவது அதிகம். தொடங்கியதை நிலைநிறுத்துவது அந்த ஆய்வின் முடிவு இல்லை. கடை திறப்பு விழாவில் எடுத்த படத்தைக் காட்டி வியாபாரம் செழித்தது என்று சாதிப்பவர்களை என்ன சொல்வது?

இன்னொரு முகாம் இருக்கிறது. "இதெல்லாம் புதுசா கண்டுபிடிச்ச சாக்கு. ஒழுங்கு இல்லாததுக்கு ஒரு பேர் வெச்சுக்கிட்டாங்க." இவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. இரட்டையர் ஆய்வுகளின்படி ஏடிஎச்டியில் மரபின் பங்கு ஏறத்தாழ 74 விழுக்காடு. பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் தெரிந்திருந்தால்தான் பெரியவரிடமும் அதை உறுதிசெய்கிறார்கள். தொழில் நொடித்த பிறகு தேடிக்கொள்ளும் பட்டம் இல்லை. வேடிக்கை என்னவென்றால் இந்த முகாமும் சூப்பர் பவர் முகாமும் ஒரே இடத்தில் கைகோத்து நிற்கின்றன. இரண்டுக்கும் எல்லாம் மனதில்தான் இருக்கிறது. ஒருவர் மனதைத் தட்டிக்கொடு என்கிறார், மற்றவர் மனதை அடி என்கிறார். பில்லைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் கொடுமை. துறுதுறுவென்று ஓடாமல், கனவில் இருப்பதுபோல் உட்கார்ந்திருக்கும் சிறுமிகளின் ஏடிஎச்டி பள்ளியில் யார் கண்ணிலும் படாமல் போகிறது. அப்படிப்பட்ட ஒருவர் வளர்ந்து வீட்டிலிருந்தே மசாலாப் பொடியோ பிளவுஸ் தைக்கும் தொழிலோ நடத்துகிறார் என்றால், ஆர்டர் தேதி மட்டுமல்ல, பிள்ளையின் யூனிஃபார்ம், மாமியாரின் மாத்திரை, கேஸ் புக்கிங் எல்லாம் அவர் ஞாபகத்தில்தான் இருக்க வேண்டும் என்று குடும்பம் எதிர்பார்க்கிறது. ஒன்று விட்டுப்போனால் "ஒரு பொம்பளைக்கு இது கூடவா ஞாபகம் இருக்காது" என்கிறது. அந்த வாக்கியத்தை அப்படியே உள்வாங்கி அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். அவரிடம் போய் "உன்னை நீயே நேசி" என்றால் போதுமா? மாத்திரையை ஞாபகம் வைத்துக்கொள்ள அந்த வீட்டில் வேறு கைகள் இல்லையா?

நம் பழைய வணிகர்களுக்கு ஏடிஎச்டி என்ற பெயர் தெரியாது. ஆனால் முதலாளியின் ஞாபகத்தை நம்பித் தொழில் நடத்தக் கூடாது என்று தெரிந்திருந்தது. கடை சாத்துவதற்கு முன் நாள்வழி எழுதியாக வேண்டும், அதிலிருந்து பேரேட்டுக்கு ஏற வேண்டும். எழுதுவதற்குக் கணக்குப்பிள்ளை என்று ஒருவர் இருந்தார். அவர் சம்பளத்தை யாரும் வீண்செலவு என்று சொல்லவில்லை. பர்மாவிலும் மலாயாவிலும் லேவாதேவி நடத்திய நகரத்தார் கடைகளில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆட்கள் இருந்தார்கள். மேலாளை மூன்று வருடத் தவணைக்கு அனுப்பினார்கள். கணக்கு ஊருக்கு வந்துகொண்டே இருந்தது. அந்த ஏற்பாட்டில் யாருடைய மனநிலையும் நாள் கணக்கைத் தீர்மானிக்கவில்லை. தனியாளாக, ஒரு செல்போனோடு, எல்லாவற்றையும் தலைக்குள் வைத்துக்கொண்டு நடத்துவதுதான் தொழில்முனைவு என்ற எண்ணம் இந்தக் காலத்துச் சரக்கு.

ஆகவே ஏடிஎச்டி உள்ளவர் ஏற்பாடு செய்துகொள்வதில் வெட்கப்பட ஏதுமில்லை. பில் போடாமல் சரக்கு வண்டியில் ஏறக் கூடாது என்று யூனிட்டில் ஒரு விதி. அதை மீறினால் முதலாளியையே தடுக்க சூப்பர்வைசருக்கு அதிகாரம். வாரம் இரண்டு நாள் வந்து உட்காரும் ஒரு கணக்காளர். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மட்டும் காகித வேலை. உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸரின் ஆய்வுகள் காட்டியது போல, "வேலையை முடிப்பேன்" என்பதை விட "டீ வந்ததும் பில் புத்தகத்தைத் திறப்பேன்" என்று இடமும் வேளையும் கட்டிவைத்த முடிவு நிற்கிறது. ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளிடமும் இது பலன் தந்திருக்கிறது. தேன் குரல் பேசத் தொடங்கும்போது அதை அடையாளம் காணவும் பழகலாம். "நாளைக்குக் காலையில" என்று உள்ளே கேட்டவுடன் வேறு யோசனை வேண்டாம், ஒரே ஒரு பில்லை அப்போதே போட்டுவிடுவது.

மருந்தைப் பற்றியும் மென்று விழுங்காமல் சொல்ல வேண்டும். மனநல மருத்துவர் பார்த்து உறுதிசெய்தால் மெத்தில்ஃபெனிடேட், அட்டோமாக்ஸிடின் போன்றவை இங்கேயே கிடைக்கின்றன. முன்னது மருந்து விதிகளின் அட்டவணை எக்ஸில் இருப்பதால் தனி உரிமம் உள்ள மருந்துக்கடையில், இரண்டு பிரதி மருந்துச்சீட்டு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். மறதிக்காரரிடமே இத்தனை காகிதம் கேட்கும் விதியை யோசித்தவர் யாரோ! இருந்தாலும் அதற்காக அலையலாம். எல்லாருக்கும் ஒத்துவராது, எல்லாவற்றையும் தீர்க்காது. ஆனால் கண்ணாடி மந்திரத்துக்கு இல்லாத ஆய்வுப் பின்புலம் இவற்றுக்கு இருக்கிறது.

பேச்சாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் எதிரில் உட்கார்ந்திருப்பவர்களிடம், அனுப்பாமல் கிடக்கும் பில் எத்தனை என்று கேளுங்கள். பத்து நிமிடம் கொடுத்து, அங்கேயே செல்போனில் ஒன்றையாவது அனுப்பச் சொல்லுங்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு: மனதை மாற்றித் தருகிறேன் என்று கட்டணம் கேட்கும் மூன்று நாள் பயிலரங்குக்குப் பணம் எடுத்து வைத்திருந்தால், அதைக் கட்டாதீர்கள். அந்தப் பணத்தில் பகுதிநேரக் கணக்காளர் ஒருவரை இந்த மாதமே அமர்த்துங்கள்.